ஒரு மனைவி, நல்ல நிலையில்

தண்ணீரில் ஸ்டிக்கர் ஒட்டுவது தவசீலனின் வேலை. கொடுப்பது எதுவானாலும் அதில் கொடுத்தவரின் சின்னம் தெரிய வேண்டும் என்று உதவி நிறுவனத்தின் விதி சொன்னது. முகாமின் தறப்பாள் கூடாரங்களில் ஒட்டியாயிற்று. வாளிகளில் ஒட்டியாயிற்று. தண்ணீரில்தான் மூன்று நாட்களாக ஒட்டவில்லை.

பவுசர் வண்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதன் முன்னால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தவசீலன் ஒரு கோப்பையில் தண்ணீர் பிடிப்பான். ஸ்டிக்கரை அதன்மேல் வைத்து விரலால் அழுத்துவான். ஸ்டிக்கர் மிதக்கும். வரிசை முழுவதும் ‘சீ’ என்று சொல்லும். முதல் நாள் அது பெரிய சத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் உதடுகள் மட்டும் அசைந்தன.

வரிசையின் முதல் ஆள் யோகமலர். கையில் பிளாஸ்டிக் கான் வைத்திருந்தாள். அவளுடைய கணவன் சிவபாதம் அறுபத்தோராம் தறப்பாளுக்குள் படுத்திருந்தான். அவனுக்கு இரண்டு கால்களும் இல்லை. தண்ணீரை அவள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு.

“தம்பி, அவர் தண்ணி தண்ணியெண்டு அனுங்கிக்கொண்டு கிடக்கிறார். ஸ்டிக்கரைப் பிறகு ஆறுதலா ஒட்டுங்கோவன்.”

“சின்னம் தெரியாமல் தந்தால் தந்த கணக்கில வராது அக்கா.”

“குடிச்சால் தண்ணி எங்களுக்குள்ளதானே இருக்கப்போகுது. எங்களில ஒட்டிவிடுங்கோ.”

தவசீலன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். உள்ளே இருப்பதில் ஒட்ட முடியாவிட்டால் கொள்கலனில் ஒட்டலாம் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. வோக்கி-டோக்கியை எடுத்தான். முகாமையாளர் எட்வின் அதற்குள் இருந்தார். போன வருஷம் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக உள்ளே போனவர். பட்டறை இன்னும் முடியவில்லை.

“சேர், மனிசர் கொள்கலனோ? ஓவர்.”

“தண்ணி கொள்ளுவினமோ? ஓவர்.”

“கொள்ளுவினம் சேர்.”

“பிறகென்ன கதை? ஒட்டும். ஓவர்.”

ஒவ்வொருவரும் குடித்தார்கள். தவசீலன் ஒவ்வொரு நெற்றியிலும் ஒட்டினான். சிலர் பழக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். யோகமலர் கானை நிரப்பிக்கொண்டு ஓடினாள். சிவபாதம் படுத்தபடியே அரைக் கான் குடித்தான். அவன் வரிசைக்கு வராததால் அவனுக்கு ஸ்டிக்கர் இல்லை. அன்று முகாமே தவசீலனை வாழ்த்தியது. தான் நல்லவன்தான் என்று அவனுக்கும் பட்டது.

வெள்ளிக்கிழமை வோக்கி தானாகப் பேசியது.

“திட்டம் முடிஞ்சுது. ஸ்டிக்கர் உள்ள சாமான் முழுக்கக் களஞ்சியத்துக்கு ஏத்தும். ஓவர்.”

“சேர், சனத்திலயும் ஸ்டிக்கர் இருக்கு. ஓவர்.”

“அப்ப இரண்டு லொறி கேக்க வேணும்.”

களஞ்சியம் முகாமின் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. நடந்தால் நாற்பது அடி. ஆனாலும் சாமான்கள் லொறியில்தான் போக வேண்டும். தறப்பாள்களில் ஒட்டியவை வெயிலுக்கு உரிந்துபோயிருந்தன. அவற்றை விட்டுவிட்டார்கள். மனிதரில் ஒட்டியவை நன்றாகப் பிடித்திருந்தன. களஞ்சியத்துக்குள் அவர்களைத் தட்டுகளில் உயரப்படி அடுக்கினார்கள். வரிசைக்குப் பழகிய சனம். யாரும் முந்தவில்லை.

யோகமலர் மட்டும் ஏறவில்லை.

“நான் உள்ளுக்குப் போனால் அவருக்கு ஆர் தண்ணி குடுக்கிறது? இதை உரிச்சுவிடுங்கோ தம்பி.”

தவசீலன் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினான். தோலும் சேர்ந்து வந்தது. சேதம் என்ற பத்தியில் ‘சிறிது’ என்று எழுதினான். பிறகு விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தான். திட்டம் முடிந்தபின் ஒரு பொருளைத் தேவையுள்ள ஒருவருக்குக் கையளிக்கலாம் என்று அங்கே இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே பத்திரம் எழுதினான். ‘ஒரு மனைவி. நல்ல நிலையில். நாளாந்தம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதற்காக. பெறுபவர்: சிவபாதம்.’

கையளிப்பு வைபவம் அறுபத்தோராம் தறப்பாளின் வாசலில் நடந்தது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். தாகத்தைப் பற்றி மூன்று பேர் உரையாற்றினார்கள். பிரதம விருந்தினர் இடையிடையே போத்தலில் இருந்து குடித்தார். பிறகு யோகமலரின் கையைப் பிடித்துச் சிவபாதத்தின் கையில் வைத்தார்.

“ஒருக்கா சிரியுங்கோ பாப்பம்,” என்றான் படம் எடுப்பவன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சிவபாதம் பத்திரத்தில் கைநாட்டு வைத்தான். விருந்தினரின் வாகனம் போனதும் இரண்டு ஆட்கள் வந்து யோகமலரை லொறியில் ஏற்றினார்கள்.

“சேர், இவவைக் கையளிச்சாச்செல்லோ? ஓவர்.”

“கையளிப்பு முடிஞ்சுது. படம் வந்திட்டுது. சாமான் களஞ்சியத்தில நிக்கும். ஓவர்.”

“அழுறா சேர்.”

“படத்தில அழேல்லத்தானே?”

“இல்லை சேர்.”

யோகமலர் லொறியில் இருந்து எட்டிச் சொன்னாள். “தம்பி, கோப்பையை அவற்ற வலக்கைப் பக்கமா வையுங்கோ. இடக்கை எட்டாது.”

லொறி நாற்பது அடி ஓடி நின்றது. கதவு பூட்டிய சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை தவசீலன் வேறு நிறுவனத்தில் சேர்ந்தான். நீல ஜாக்கெட் போய்ப் பச்சை ஜாக்கெட் வந்தது. புது வோக்கி தந்தார்கள். எட்வின் அதற்குள்ளும் இருந்தார்.

“சேர், நீங்களும் மாறீட்டியளோ?”

“நிறுவனம்தான் வேறை. பட்டறை ஒண்டுதான். ஓவர்.”

இங்கே ஸ்டிக்கர் கிடையாது. ஒரே ஒரு விதிதான். ஏற்கெனவே உதவி பெற்றவருக்கு இரண்டாந்தரம் கொடுக்கக் கூடாது. தவசீலன் ஒரு வாளி தண்ணீரும் கோப்பையும் எடுத்துக்கொண்டு அறுபத்தோராம் தறப்பாளுக்குப் போனான். சிவபாதத்தின் உதடுகள் வெடித்திருந்தன. தவசீலன் வெறும் கோப்பையை அவனுடைய வலப்பக்கம் வைத்தான். பிறகு முறைப்படி சிவபாதத்தின் ஃபைலைத் திறந்தான். அதில் அவனுடைய கையெழுத்தில் ஒரு பத்திரம் இருந்தது.

“அண்ணை, உங்களுக்குத் தண்ணி எடுத்துத் தர ஆள் தந்திருக்கெல்லோ.”

“எங்க தந்தது?”

“கைநாட்டு வைச்சிருக்கிறியள்.”

“நீங்கள்தானே தம்பி எழுதினது!”

“அது முந்தின நிறுவனம் அண்ணை.”

சிவபாதம் வாளியைப் பார்த்தான். தவசீலனும் வாளியைப் பார்த்தான். பிறகு ஃபைலில் இருந்த முறைப்பாட்டுப் படிவத்தை உருவினான். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பொருள் இயங்குகிறது. பொருள் இயங்கவில்லை.

“ஒரு வழி இருக்கு அண்ணை. அவவைக் கூப்பிடுங்கோ. மறுமொழி வராட்டி, தந்த சாமான் பழுதெண்டு எழுதலாம். எழுதினால் நான் தண்ணி தரலாம்.” குரலைத் தாழ்த்தினான். “மெல்லமாக் கூப்பிட்டால் போதும். எனக்குக் கேட்டால் சரி.”

‘இயங்கவில்லை’ என்ற கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சிவபாதம் அவளுடைய குரலைக் கேட்டு மூன்று நாட்களாகியிருந்தன. முழங்கைகளை ஊன்றி எழும்பினான். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, வேலிப்பக்கம் திரும்பி, முகாம் அதிரக் கத்தினான்.

“மலர்!”

“வாறன், வாறன்,” என்றது களஞ்சியம். “கொஞ்சம் பொறுங்கோப்பா.”

சிவபாதத்தின் முகம் மலர்ந்தது. தவசீலன் பேனாவை மற்றக் கட்டத்துக்கு நகர்த்திச் சரி போட்டான். வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.