எடுக்கச் சொன்ன சுருள்

கைரொல்லா தன் மகனின் வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தபோது, செத்த எலியைத் தூக்கி வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். மூடியைத் திறந்தேன். என் கைவேலைதான். அவர் மகன் மிராஸ் கேட்டு, போன மாதம் நானே உள்ளே இரண்டு சுருள் பூட்டிக் கொடுத்தது.

எங்கள் ஊர் தெமிர்தாவ் சந்தையில் செருப்புத் தைப்பவருக்கும் சாவி போடுபவருக்கும் நடுவில் என் கடை. கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி, கருவிக்குள் திருகி, பஞ்சு செருகித் தருவது என் பிழைப்பு. சிகரெட்டை விட்டவர்கள், விடப்போகிறவர்கள், விட்டதாக வீட்டில் சொல்லியிருப்பவர்கள் என்று மூன்று வகை ஆட்கள் என்னிடம் வருவார்கள். கைரொல்லா மூன்றாம் வகை. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபின், இனிப் புகை என்பதே கிடையாது என்று மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் செய்துவிட்டு, மறுவாரமே என் கடைக்கு வந்தார். அவருக்கு எப்போதும் ஒற்றைச் சுருள். மகனுக்கு இரட்டை. மகன் இழுப்பது மருமகள் அக்மாராலுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். அப்பா இழுப்பது வீட்டில் யாருக்குமே தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பூனைகள் கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தன. எனக்கென்ன, இரண்டும் என் வாடிக்கை.

"இதுல ஒன்ன எடுத்துடும்மா ரைஹான்," என்றார்.

"அவனக் கேக்காம நான் எப்படிக் கை வெக்கிறது, பெரியவரே?"

"ராத்திரியெல்லாம் இருமுறான். சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டே இருக்கேன். பாதியாவது கொறையட்டும்."

"பெத்த அப்பன்தானே, நேரா சொல்லுங்க."

அவர் என்னை வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா, அப்புறம் என் எதிர்ல உக்காந்து டீ குடிப்பானா?"

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எங்களில் தலை நரைத்த மகன்கூட அப்பன் முன்னால் புகைக்க மாட்டான். அப்பனும் தூரத்தில் கண்டுவிட்டால் வேறு தெருவில் திரும்பிப் போவான். அந்த மரியாதைமேல்தான் பாதி வீடுகள் நிற்கின்றன.

இரட்டைச் சுருள் முரட்டுப் பிள்ளை. ஆவி இரண்டு பங்கு வரும், திரவமும் அப்படியே குடிக்கும், பேட்டரி சீக்கிரம் சாகும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தாற்போல் நடுவிலிருந்து சிவக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் பஞ்சு கருகித் தொண்டையைப் பிடிக்கும். ஒற்றையில் அந்த வம்பில்லை. ஆனால் இரட்டைக்காகச் செய்த கருவியில் ஒன்றை எடுத்தால், அந்தப் பக்கத்துக் காற்றுத் துளையை அடைக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் காற்றுதான் வாயில் வரும். நான் ஒரு சுருளைக் கழற்றி, துளைக்கு ரப்பர் துண்டு வைத்து அடைத்து, புதுப் பஞ்சு போட்டேன். சுத்தமான வேலை. அதுதான் வினையாகிப் போனது.

சில நாள் கழித்து மிராஸ் வந்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் கருவியைத் திறந்து காட்டினான்.

"பாருங்கக்கா, யாரோ ஒன்ன உருவிட்டு அழகா அடைச்சு வெச்சிருக்காங்க. தானாக் கழண்டு விழுந்தா துளைய யாரு அடைக்கிறது? எல்லாம் அக்மாரால் வேலை."

"அவதான்னு உனக்கு யாரு சொன்னது?"

"வேற யாரு? நாளெல்லாம் இத விடு, இத விடுன்னு அவதானே நச்சரிக்கிறா? கேட்டா, நான் தொடவே இல்லைங்கிறா. மூஞ்சிக்கு நேரா பொய். பொய்க்காரியோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு கேட்டேன். பேசாம பையை எடுத்துக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா." கோபமாகத்தான் பேசினான். ஆனால் கண் தூங்காமல் வீங்கியிருந்தது.

"மிராஸ், அவ செய்யல. செஞ்சது நான்," என்றேன்.

"யாரு குடுத்தா?"

நான் இடுக்கியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவன் கசந்து சிரித்தான். "பொம்பளைங்க ரெண்டு பேரும் கூட்டா? வீட்டுல மிச்சம் இருக்கிறது எங்கப்பாதான். அவரு இதப் பாத்தா டார்ச் லைட்டுன்னு நெனைப்பாரு. மறுபடி ரெண்டாவே போட்டு வைங்க. வேலை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்."

அவன் தலை மறைந்ததும் கைரொல்லாவுக்குப் போன் போட்டேன். காலுறைகூட ஒழுங்காக மாட்டாமல் ஓடி வந்தார். நான் சொல்லச் சொல்ல ஸ்டூலில் அப்படியே குறுகிப்போனார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு என்கிட்ட சொன்னாளே. போறப்போகூட கறிய வேக வெச்சு, மாவு பிசைஞ்சு, எனக்குன்னு எடுத்து வெச்சிட்டுப் போனா. நான் வயித்த நெறச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"வீட்டுக்குப் போங்க. அவன்கிட்ட நானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்," என்றேன். மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வேண்டாம்," என்றவர் அசையவில்லை. நான் புதுக் கம்பியில் சுருள் சுற்றிப் பூட்டினேன். பொத்தானை அழுத்த அழுத்த ஒன்று முந்திக்கொண்டே இருந்தது. இடுக்கியால் நெருக்கி, விலக்கி, மறுபடி நெருக்கி அதை வழிக்குக் கொண்டுவந்தேன்.

மாலையில் மிராஸ் கடைக் கதவைத் திறந்தான். அப்பாவைப் பார்த்ததும் ஒரு கால் தானாகவே வெளியே பின்வாங்கியது.

"உள்ள வாடா," என்றார் கைரொல்லா. கோட்டின் உள்பையிலிருந்து தன் சின்னக் கருவியை எடுத்தார். மகன் பார்க்கப் பார்க்க ஒரு இழுப்பு இழுத்தார். அவன் முகத்தில் படக்கூடாதென்று தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து ஊதினார்.

"உன்னோடதுல கை வெச்சது நான். அந்தப் பொண்ணு இல்ல."

மிராஸுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் மேஜையில் கிடந்த பஞ்சையே பார்த்தான். கடைசியில், "நெஞ்சுவலிக்காரர் இதப் பண்ணலாமாப்பா?" என்றான். கோபப்பட நினைத்திருப்பான். குரல் சின்னப் பையன் குரலாக வந்தது.

"என்னைய அப்புறம் திட்டு. மொதல்ல அவளக் கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் எடுத்ததும் போனை அப்பாவிடம் நீட்டிவிட்டான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"மருமகளே, அந்தக் கம்பிய எடுக்க வெச்சது நான்தாம்மா. நானும் இழுக்கிறேன், ஒரு வருஷமா. அவன் உன்ன சொன்னதெல்லாம் என்னால வந்தது."

"தெரியும் மாமா," என்றது அந்தக் குரல், அமைதியாக. "நீங்க அத அவர் கோட்டுப் பையில திரும்ப வெச்சப்போ நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன்."

கைரொல்லா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஏம்மா அவன்கிட்ட சொல்லல?"

"உங்கள எப்படி மாமா காட்டிக் குடுப்பேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. அப்பன் செய்த சத்தியத்தை அப்பன் காப்பாற்றவில்லை, மகன் கட்டிய மனைவியை மகன் நம்பவில்லை. யாரும் கேட்காமல் இவள் ஒருத்தி கிழவரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"கெளம்பி வந்துடும்மா," என்றார் கிழவர்.

"அவரு என்னப் பொய்க்காரின்னாரு, மாமா."

கைரொல்லா மகனைப் பார்த்தார். மிராஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அக்மாரால்," என்றான். அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. யாரோ அதை அடுப்பிலிருந்து இறக்கினார்கள். அவள் பதில் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. அப்பாவும் மகனும் தலையோடு தலை முட்டக் குனிந்து, மேஜைமேல் வெளிச்சம் அணையாமலிருந்த அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.