டாக்டரின் இடுப்பளவு

தையல்காரருக்குக் குடல் முறுக்கிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, யாருடைய பேண்ட்டுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் வாயு என்றுதான் நினைத்தார். மத்தியானத்துக்குள் வயிறு பானை மாதிரி உப்பி, ஆள் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி, "ஜிப்பை அப்புறம் பாத்துக்கலாம், எந்திரிங்க" என்று கைத்தாங்கலாகத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. முறுக்கிய இடத்தில் ரத்தம் ஓடாமல் ஒன்றரை அடிக் குடல் கறுத்துப்போயிருந்தது. சர்ஜன் அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார். வெளியே வந்து, "இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதிச்சிருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காதும்மா" என்றார் மனைவியிடம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று நாள் ஐசியூவில் இருந்தார். நாலாம் நாள் வயிற்று நோயாளிகளின் வார்டுக்கு வந்து, மூக்கில் ஒரு குழாயும் கையில் ஒரு குழாயுமாகக் கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் தன் உயிரைக் காப்பாற்றிய மனிதரை முழுசாகப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. நன்றியில் பாதி, பேண்ட்டில் பாதி.

சர்ஜன் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. கழுவிய கையால் துணியைத் தொடக் கூடாது என்பதால், இரண்டு முழங்கையையும் இடுப்பில் அழுத்தி, கோழி சிறகடிப்பது போல ஓர் உதறு உதறி மேலே ஏற்றிக்கொள்வார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் உதறு. கீழேயோ கணுக்கால் தெரிந்தது. குடலை நூல் பிடித்தாற்போல இணைத்த மனிதர் இப்படியா ஊருக்குள் நடமாடுவது என்று தையல்காரர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த கட்டிலில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வாத்தியார். கணையம் வீங்கிப்போய் அவருக்கும் பத்து நாளாக வாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை. இருபது வருஷம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்த பழக்கம், மருந்து வண்டி கொஞ்சம் வேகமாக வந்தாலும் போர்வைக்குள் வலது கால் பிரேக்கை மிதிக்கும். எதிர்க் கட்டிலில் ஒரு வக்கீல் குமாஸ்தா. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்த பதினேழு கற்களையும் ஒரு சின்ன பாட்டிலில் வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் ஆட்டிக் காட்டுவார். வார்டில் அவருக்குக் கல்லுக்காரர் என்றே பெயர்.

தையல்காரர் குமட்டிக்கொண்டு தவித்தபோது நர்ஸ் வந்து சேர்வதற்குள் கிண்ணத்தைப் பிடித்தவர் வாத்தியார். இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் கல்லுக்காரர். ஐந்தாம் நாள் நடக்கச் சொன்னார்கள். தையல்காரர் கட்டில் கம்பியை விடவில்லை. வாத்தியார் தன் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஃபர்ஸ்ட் கியர்லயே போங்க. அவசரமே இல்ல. கண்ணு ரோட்டுல இருக்கட்டும்."

"வயிறு பிஞ்சிடும்போல இருக்கு வாத்தியாரே."

"பிஞ்சா தைக்க டாக்டர் இருக்காரு. திரும்பறப்ப கையைக் காட்டிட்டுத் திரும்புங்க, பின்னாடி ஸ்ட்ரெச்சர் வருது."

இப்படி வராந்தாவை நாலு சுற்றுச் சுற்ற வைத்தார். சர்ஜன் தினமும் காலையில் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "காத்து பிரிஞ்சுதா?" பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், பிரிந்தால்தான் தண்ணீர். தையல்காரர் வெட்கத்தோடு இல்லை என்று தலையாட்டுவார். ஆறாம் நாள் காலை, சர்ஜன் கேட்பதற்கு முன்பே பக்கத்துக் கட்டிலிலிருந்து வாத்தியார் கையைத் தூக்கினார்.

"ஹாரன் அடிச்சிடுச்சு சார். நானே கேட்டேன்."

கல்லுக்காரர், "நானும் சாட்சி" என்றார். சர்ஜன் முகமெல்லாம் பல்லாக, "நல்ல சேதி, நல்ல சேதி" என்று முழங்கையால் பேண்ட்டை ஏற்றிக்கொண்டே எழுதினார். அன்றைக்குக் கிடைத்த இரண்டு ஸ்பூன் தண்ணீரைத் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அப்போதே முடிவு செய்துவிட்டார், டாக்டருக்கு ஒரு பேண்ட் தைத்துக் கொடுப்பதென்று.

"அவரு யார்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டாரே" என்றார் வாத்தியார். சுவரில் ஓடிய கடிகாரத்தைக் காட்டினார். "இது கூட ஒரு பேஷன்ட் கொடுத்ததுதான். டாக்டரு அதை வார்டுக்குன்னு மாட்டிட்டுப் போயிட்டாரு."

"கடிகாரம் யாருக்கு வேணா மணி காட்டும். அவரு அளவுக்குத் தைச்ச பேண்ட்டை வேற யாருக்குக் கொடுக்க முடியும்? திருப்பித் தர வழியே இல்ல பாருங்க."

வாதம் சரியாகத்தான் இருந்தது. அளவுதான் பிரச்சினை. தையல்காரரின் கண்ணே டேப். தொடை, முட்டி, பாட்டம் எல்லாம் ரவுண்ட்ஸின்போதே எடுத்தாகிவிட்டது. நீளத்துக்கு, சர்ஜன் கட்டிலை ஒட்டி நின்றபோது கம்பியில் அடையாளம் பார்த்து வைத்து, தையல்காரரின் வயிற்றுச் சுற்றளவை எடுக்க நர்ஸ் வைத்திருந்த டேப்பைக் கேட்டு வாங்கி வாத்தியார் அளந்து சொன்னார். இடுப்பு மட்டும் வெள்ளைக் கோட்டுக்குள் மறைந்திருந்தது.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் கல்லுக்காரர்.

மறுநாள் அவருக்கு டிஸ்சார்ஜ். சர்ஜன் வந்து காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். கல்லுக்காரர் எழுந்து நின்று, "தலை சுத்துது சார்" என்று அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. மனசுக்குள் அளவைக் குறித்துக்கொள்ள நேரம் வேண்டாமா? சர்ஜன் அவரைப் பூப்போலப் படுக்க வைத்து, பேனாவை மூடினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, திரும்பவும் ஓர் ஈசிஜி. டிஸ்சார்ஜ் இரண்டு நாள் தள்ளிப்போனது. கல்லுக்காரரின் வீட்டுக்காரம்மா கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பியனுப்பிவிட்டு, தண்ணீர் ஆகாரம் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மனிதரோ நெஞ்சில் ஒயர் ஒட்டிய தடத்தோடு திரும்பி வந்தவுடன், போர்வையைச் சுருட்டிக் கட்டிப்பிடித்துக் காட்டினார்.

"இவ்ளோதான். வலது கை விரல் இடது மணிக்கட்டைத் தொட்டுச்சு. அளந்துக்குங்க."

வாத்தியார் அளந்தார். முப்பத்தாறு.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கண் முப்பத்திரண்டு என்று சத்தியம் பண்ணியது. வாயைத் திறந்தார். கல்லுக்காரர் சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சியபடி, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் வாயை மூடிக்கொண்டார். சீட்டில் முப்பத்தாறு என்று எழுதி மனைவியிடம் கொடுத்தார்.

மனைவி சீட்டைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இடுப்பு முப்பத்தாறா? என்னங்க, நாலு மணி நேரம் வாசல்ல நின்னவ நான். அந்த டாக்டரை எனக்குத் தெரியாதா? காத்தடிச்சா பறந்துடுவாரு."

"மெதுவாப் பேசு. அந்த மனுஷன் எனக்காக ரெண்டு நாள் கூடப் படுத்துக் கெடக்காரு. அவரு எடுத்த அளவைத் தப்புன்னு எப்படிம்மா சொல்றது?"

"அப்ப டாக்டரை நாலு அங்குலம் தடிக்கச் சொல்லுங்க" என்று சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஆனாலும் சொன்ன அளவுக்கே வெட்டி, நல்ல சாம்பல் நிறத் துணியில், ஒரு நூல் பிசிறில்லாமல் தைத்தாள்.

தையல்காரர் டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் கழித்து, மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் பின்னால் டோக்கன் வாங்கி, ஒன்றாக அறைக்குள் நுழைந்தார்கள். தையல்காரரின் மனைவி பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நான் இதெல்லாம் வாங்கறதில்லயே" என்றார் சர்ஜன்.

"உங்க அளவுக்குத் தைச்சது சார். வேற ஆளுக்கு ஆகாது" என்றார் தையல்காரர்.

சர்ஜன் தயங்கினார். துணியைத் தடவிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பிறகு கதவு திறந்தது. நீளம் கச்சிதம், தொடை கச்சிதம், பாட்டம் ஷூவின்மேல் தொட்டும் தொடாமலும் விழுந்தது. இடுப்பை மட்டும் இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எனக்குத்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

கல்லுக்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. தையல்காரர் முந்திக்கொண்டார். "என் தப்புதான் சார். கணக்குல ஒரு சின்னப் பிசகு."

"எப்ப அளவெடுத்தீங்க என்னை?"

கல்லுக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு எனக்கு மயக்கமே வரல சார்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சர்ஜன் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி, மறு கையால் கதவில் தொங்கிய கோட்டின் பைகளைத் துழாவி ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். ஸ்டெதஸ்கோப், டார்ச், தடித்த நோட்டு, இரண்டு பொட்டலம் கையுறை, பாதி கடித்த ஆப்பிள். "இதையெல்லாம் சேர்த்துத்தான் கட்டிப்பிடிச்சிருக்கீங்க. உங்களுக்கு நான் ஈசிஜி எடுத்தேனேய்யா."

"ரெண்டு தடவை சார்."

தையல்காரர் எழுந்தார். "அதுக்கென்ன சார், கடைக்கு எடுத்துட்டுப் போய்..."

"ஆறு வாரம் மெஷினை மிதிக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? உட்காருங்க." உள்ளே போய்ப் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, புதியதைக் கையில் எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். சர்ஜன் தலை நிமிராமல், ஆபரேஷன் அறைப் பழக்கத்தில் உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவளும் என்ன ஏது என்று யோசிக்காமல் கோர்த்த ஊசியை அதில் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலேயே பெரிய சர்ஜன் தன் பேண்ட்டைத் தானே பிடித்துத் தைக்க, தையல்காரர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்.

"பின்பக்கம் மட்டும் பிடிங்க சார், பாக்கெட் நகராம இருக்கும். இன்னும் கொஞ்சம் நெருக்கமா. ஏன் சார் இவ்ளோ மெதுவாத் தொடுறீங்க, துணிக்கு வலிக்காது."

"ஒரு தையலுக்கு ஒரு முடிச்சுப் போடட்டுமா?"

"வேண்டாம் சார், ஒரே ஓட்டமா போங்க."

நர்ஸ் கதவைத் திறந்தாள். பெரிய டாக்டர் ஊசியும் கையுமாக இருக்க, மூன்று நோயாளிகள் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

சர்ஜன் நூலைப் பல்லால் கடித்தபோது மனைவி பேசினாள். "அன்னைக்கு வாசல்ல வந்து சொன்னீங்களே சார், நான் ஒரு வார்த்தை பதில் சொல்லல. வாய் வரல. இவரைத் திருப்பிக் கொடுத்தீங்க. நீங்க நல்லா இருக்கணும்." பிறகு மற்ற இருவர் பக்கமும் திரும்பினாள். "நீங்களும்தான் அண்ணா. ராத்திரி நான் வீட்டுல நிம்மதியாத் தூங்கினேன்னா, பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னுதான்."

சர்ஜனுக்கு வாயில் நூல். தலையை மட்டும் ஆட்டினார். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். கல்லுக்காரர் மெதுவாகக் கேட்டார். "முப்பத்தாறு தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நெஞ்சுல ஒயரோட வந்து நிக்கிறீங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

முதலில் வாத்தியார்தான் சிரித்தார். அப்புறம் கல்லுக்காரர். தையல்காரர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தால் வயிறு இழுக்கிறது, இழுத்தால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, முன்னும் பின்னும் ஆடினார்கள்.

அந்தப் பக்கமாக வந்த ஒரு பெண் பயந்துபோய், "என்னங்க ஆச்சு இவங்களுக்கு?" என்று மனைவியிடம் கேட்டாள்.

"வயித்து வலி" என்றாள் மனைவி.