மரியாதையுடன் ஒதுக்கி வைத்தார்கள்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை வீம்பில் பிறந்தது. ஒரு கல்யாண விருந்தில் புடாபெஸ்ட்காரர் ஒருவர், "உகோச்சாவா? அதெல்லாம் ஒரு மாவட்டமா? குதிரைக்கு மூச்சு வாங்குறதுக்குள்ள தாண்டிடலாமே" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஹங்கேரி வரைபடத்திலிருந்து எங்கள் மாவட்டம் போய் நூறு வருஷமாகிறது. பெருமை மட்டும் போகவில்லை.

2.

முதல் தொடக்கம்: "டீசா ஆற்றின்மேல் பனி மெல்ல…"

வேண்டாம். பனி இல்லாமல் எங்கள் ஊர்க்காரனுக்குக் கதை எழுதத் தெரியாதா?

இரண்டாம் தொடக்கம்: இருநூறு வருஷத்துக்கு முன், ஹங்கேரியையும் சேர்த்து ஆண்ட வியன்னா மன்னரின் கடிதம் வந்தது. படைக்கு முப்பது ஆள் வேண்டுமாம், சட்டசபையைக் கேட்காமலே. மாவட்ட மன்றத்தில் வாக்குள்ள பட்டக்காரர்கள், அதாவது பிரபுக் குடும்பத்தார், எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றி, கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மாவட்ட எழுத்தர் கெரெக்கெஷ் பெர்தலான் குறிப்பேட்டில் எழுதினார்: "உரிய மரியாதையுடன் ஒதுக்கி வைக்கப்பட்டது."

(கதையும் ஆட்களும் என் கற்பனை. இந்த வழக்கம் மட்டும் அப்படியல்ல. அந்நாளில் ஹங்கேரி மாவட்டங்கள் சட்டத்துக்குப் புறம்பான அரச கட்டளையை இப்படித்தான் கிடப்பில் போடும். மன்னருக்கு வணக்கமும் உண்டு, முடியாது என்பதும் உண்டு. எழுதும்போதே என் முதுகு நிமிர்கிறது, பாருங்கள்.)

3.

அடுத்த மாதம் மன்னரின் ஆணையர் சிப்பாய்களோடு வந்து இறங்கினார். மன்றத்தில் ஈ காக்கை இல்லை. பட்டக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்! குறிப்பேட்டை விட்டுப் போக மனம் வராத பெர்தலான் மட்டும் அகப்பட்டுக்கொண்டார்.

படைக்குப் பிடிக்கவேண்டிய முப்பது பேரின் பட்டியலை ஆணையர் நீட்டினார்.

"இத உங்க குறிப்பேட்டுல ஏத்துங்க. உங்க கையெழுத்து இல்லாம இந்தச் சீமையில எதுவும் செல்லாதாமே. மத்தியானத்துக்குள்ள முடியலேன்னா, நாளைக்கு வேற வேலை தேடிக்குங்க."

[இங்கே பெர்தலான் தன் வலக்கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிக்கொள்வதாக எழுதி, அடித்துவிட்டேன். வீரம் கொஞ்சம் கூடிப்போயிற்று.]

அவர் வீரரல்ல. ஒரு பட்டம், ஏழு பிளம் மரம், இந்த எழுத்தர் வேலை. அவ்வளவுதான் அவர் சொத்து.

4.

அவர் மனைவி கிளாராவைச் சோள ரொட்டி கொடுக்கத்தான் நான் உள்ளே அனுப்பினேன். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"ஏங்க, காய்ச்சல் உங்களுக்கு மட்டும் வரலியா?"

"கேலி பண்ணாத. சீமையோட மானமே என் கையில இருக்கு."

"பட்டியல்ல உங்க பேரு இருக்கா?"

"பட்டக்காரன எப்படிடி படைக்குப் பிடிப்பாங்க?"

"அப்ப முதல் பேரு யாரு?"

"வசில். திராட்சைத் தோட்டத்துல கொத்துறானே, அந்த ருத்தேனியன்."

"நல்லா இருக்கே! மானம் உங்களுது, கழுத்து அவனுதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் யோசித்து வைக்கவில்லை. மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. எங்கள் உரிமை, எங்கள் உரிமை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேனே, பட்டமில்லாத ஸ்லாவியக் குடியானவன் வசிலுக்கு அந்த மன்றத்தில் வாக்கே கிடையாது.*

கிளாரா விடுவதாக இல்லை.

"எழுதாதீங்க. வேலை போனா போகுது, பிளம் சாராயம் காய்ச்சிப் பொழச்சுக்கலாம். ஆனா மானத்துக்காகன்னு பீத்திக்காதீங்க. அவன் கழுத்துக்காகன்னு எழுதாம இருங்க."

பெர்தலான் பேனாவை மையில் தோய்த்தார்.

* குறிப்பேட்டில் வசிலின் ஆட்களைத் தேடினால் சவுக்கடித் தண்டனைப் பக்கத்தில்தான் அகப்படுவார்கள்.

5.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் பெர்தலான் மறுத்தார், வேலை போயிற்று. இன்னொன்றில் பயந்து எழுதிவிட்டார். அதற்குள் கிளாரா ஆள் விட்டு வசிலை மலைக்காட்டுக்குள் அனுப்பிவிட்டாள். மற்றதில் யாரும் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை. வசில் தன் காலை நம்பி ஓடினான்.

எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பெருமையை யாருக்குக் கொடுப்பது என்பதும் உங்கள் பாடு. பட்டக்காரர்களுக்கே கொடுத்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் கற்பனை என்றேனே, வசில் மட்டும் அல்ல. எங்கள் கோயில் பதிவேட்டில், அடுத்த ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, வசிலுக்கும் ஒலேனாவுக்கும் கல்யாணம். அவன் படைக்குப் போகவில்லை. அந்த இருவரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், எட்டாம் தலைமுறை நான்.