ரயிலைத் தாங்கும் கல்

அவள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டு ஓனர். புது வீட்டுக்குக் கூரை மட்டும்தான் பாக்கி. அந்தக் கூரைக்கு எந்த ஜல்லி என்பதில்தான் அவளுடைய அண்ணனுக்கும் புருஷனுக்கும் முட்டிக்கொண்டது. அண்ணன் கட்டட மேஸ்திரி. புருஷன் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். ஜல்லி என்றால் இருவருக்குமே தன் வீட்டுப் பிள்ளை மாதிரி. அடுத்தவன் குறை சொன்னால் பொறுக்காது.

புருஷன் இறக்கிய லோடில் ஒவ்வொரு கல்லும் கைமுட்டி அளவு.

"ரயிலையே தாங்குற கல்லு, மச்சான். நாம நாலு பேர் படுக்குறதைத் தாங்காதா?"

"மாப்பிள, உங்க ஜல்லி இறுகக் கூடாது. ரயில் போறப்ப லேசா அசையணும், தண்ணிய கீழ விடணும். எங்க ஜல்லி அசைஞ்சா வீடு போச்சு. இது கம்பிக்கு நடுவுல இறங்கவே இறங்காது."

"பாடம் எடுக்காதீங்க. கூலிக்கு வந்தவரு கூலி வேலைய மட்டும் பாருங்க."

தங்கச்சி வீடாயிற்றே என்று கூலி வாங்காமல் வந்தவன் அவன். அந்தக் கல்லையே கலவைக்கு எடுத்துக்கொண்டான்.

கான்கிரீட் போட்ட அன்று அவள் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இந்தக் கல்லு சரியா வருமா?"

"உன் வீட்டுக்காரரைக் கேளும்மா."

கேட்டாள். "தப்புன்னா உங்கண்ணன் இவ்வளவு நறுவிசா கொட்டுவாரா?" என்றான் புருஷன்.

அதுவும் சரிதான் என்று சும்மா இருந்துவிட்டாள்.

கான்கிரீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகையைப் பிரித்தபோது கூரையின் அடிப்பக்கம் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கம்பிகள் பல்லை இளித்தன. இரண்டு இடத்தில் வானமே தெரிந்தது.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா, மச்சான்?"

"சொன்ன கூலி வேலையச் செஞ்சேன்."

இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, என்ன தோன்றியதோ, ஒன்றாக அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அவருதான் ரோஷக்காரரு. நீயாவது அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான் அண்ணன்.

"அதானே," என்றான் புருஷன். கல் இறங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அவள் பலகை பிரித்த ஏணியில் ஏறி ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். ஆடிய பல் போலக் கையோடு வந்தது. இறங்கி வந்து அதை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, காலி செய்ய இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்க வாடகை வீட்டு ஓனரிடம் கிளம்பினாள்.