மிட்டாய் சொல்ல ஓர் ஆள்

எழுந்தேன். பல் தேய்த்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். காபியை ஆற்றிக் குடித்தேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அகராதி அலுவலகத்துக்குப் போனேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சொல் எதுவானாலும் உயிரோடிருக்கும் ஒருவர் அதைப் பேச்சுவாக்கில் தானாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அதைத் தன் காதால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பக்கத்தில் 'வழக்கிழந்தது' என்று போட்டுவிடுவார். அன்று மாலைக்குள் முடிவாக வேண்டிய சொல், மிட்டாய்.

என் மனைவி அப்படித்தான் சொல்வாள். தெருவே சாக்லேட்டுக்கு மாறியபோதும் அவள் மாறவில்லை. போன மாதம் ஆபரேஷனின்போது இறந்துபோனாள். இந்தச் சொல்லாவது இருக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

சொல்லின் பிறப்பை நான்தான் எழுதியிருந்தேன். இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே இனிப்புப் பண்டம் எல்லாவற்றுக்கும் அது பெயர். நம்மிடம் காகிதம் சுற்றிய ஒரு துண்டாகச் சுருங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் 'மிருஷ்டம்': துடைத்துத் தூய்மையாக்கியது, பிறகு சுவையானது.

ஆசிரியர் படித்தார். பிறந்த கதை இருக்கட்டும், இப்போது யார் சொல்கிறார்கள் என்று கேட்டார். மனைவி என்றேன்.

"சொன்னவங்க உயிரோட இருக்கணும், தம்பி." வருத்தத்தோடுதான் சொன்னார்.

தட்டச்சு செய்யும் அக்கா ஒரு ஜாடி நிறைய மிட்டாய் வாங்கி வாசல் மேசையில் வைத்தார். ஆசிரியர் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குழாய் ரிப்பேர்காரர் இரண்டை எடுத்துக்கொண்டு சாக்லேட்டுக்கு நன்றி சொன்னார். தபால்காரர், ஸ்வீட்டா என்றார். காகிதக் கடைக்காரர் தனக்குச் சர்க்கரை வியாதி என்று விளக்கியபடியே நான்கு தின்றார். தின்றது என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

நீயே சொல்லித் தொலையேன் என்று அக்கா என்னை முறைத்தார். சொன்னேன். திட்டம் போட்டுச் சொன்னது செல்லாது என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மாலையில் ஜாடி காலி. ஆசிரியர் பேனாவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூடினார்.

"ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறப்ப, கடைசியா என்ன சொன்னாங்க தம்பி?"

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"தானாத்தானே வந்துச்சு?"

"ஆமா சார்."

"நீ உயிரோடதானே இருக்கே?"

யோசித்தேன்.

"இருக்கான் சார், போடுங்க," என்றார் அக்கா.

ஆசிரியர் மறுபடி பேனாவைத் திறந்து, மிட்டாய்க்கு எடுத்துக்காட்டாக அதை அப்படியே எழுதினார்:

"பையில மிட்டாய் இருக்கு. எல்லாத்தையும் தின்னுடாதே, வந்ததும் எனக்கு வேணும்."