சித்தப்பா கிலோ என்ன விலை?

மீன் ஏலம் விடுகிறவருக்கு வாய்தான் மூலதனம். அந்தத் துறைமுகத்து ஏலக்காரருக்கு அது தாராளமாகவே வாய்த்திருந்தது. கூடைக்கு முன்னால் நின்று அவர் குரலை எடுத்தால், படகுத் தளத்தில் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் புரண்டு படுப்பார்கள். குரலைவிட அவருக்குப் பெருமை இன்னொன்றில். எந்த மீனுக்கும் பெயர் தெரியாமல் அவர் விழித்ததில்லை. பெயரில்லாத மீனை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான் என்பது அவர் கட்சி.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெருமைக்கு அவர் அதிகம் மெனக்கெட்டதும் இல்லை. அங்கே கடல் குளிர்ந்த கடல். கொட்டிக் கொட்டி வருவது நெத்திலி, நெத்திலியை விட்டால் இன்னும் கொஞ்சம் நெத்திலி. வானம் பாதி வருடம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும், ஆனால் ஒரு சொட்டு விழாது. வீட்டுக் கூரைகளைப் பலகையும் மண்ணும் வைத்து ஒப்புக்கு மூடியிருந்தார்கள். குடை என்பது படத்தில் பார்க்கிற சாமான்.

அந்த வருடம் காற்று நின்றுபோனது. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஏலக்காரரின் மனைவி. கொடியில் போட்ட துணி அசையவே இல்லை, காற்றுக்கு என்ன கேடு வந்தது என்று அவர் காலையிலேயே கேட்டார். சில வாரங்களில் கடல் வெதுவெதுப்பானது. காலை நனைத்தவர்கள் குளிக்கப் பதமாக இருக்கிறது என்று சிரித்தார்கள். நெத்திலி வலை வெறுமையாக ஏறியதும் சிரிப்பு நின்றது. கடல் பறவைகள் ஏலக் கூடத்துச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து, சாப்பாட்டுக் கடை எப்போது திறக்கும் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு, யாரும் பார்த்திராத மீன்கள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது கை நீளத்துக்கு ஒரு மீன். நெற்றி மட்டும் சுவர்போல் நிமிர்ந்து நின்றது. பெட்டியில் போட்டபோது தங்க நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை, கடைசியில் சாம்பல். ஓட்டல்காரர் குனிந்து பார்த்து இது என்ன மீன் என்றார். கூட்டமே ஏலக்காரர் வாயைப் பார்த்தது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. முந்தாநாள்தான் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்ற சண்டையில் அவருடைய சித்தப்பா, அதே அகல நெற்றியோடு, அதே மூன்று நிறத்துக்கும் மாறியிருந்தார். அது நினைவுக்கு வந்த வேகத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சித்தப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஓட்டல்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கடல் சித்தப்பாவா, ஆத்துச் சித்தப்பாவா?"

"கடல் சித்தப்பாதான். ஆத்துச் சித்தப்பாவுக்கு முள் ஜாஸ்தி."

அன்றைக்குச் சித்தப்பா நல்ல விலைக்குப் போனார்.

ஒரு பொய் பிழைத்துவிட்டால் அடுத்ததற்குத் தெம்பு வந்துவிடும். சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராத ஒரு மீன் வந்தது. வேலை தேடுவதாகச் சொல்லி ஒரு வாரத்துக்கு வந்து, எத்தனையோ மாதமாக அவர் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் சகலையை நினைத்தார். அது சகலை மீன் ஆயிற்று. இன்னொன்றுக்கு வாய் சின்னது, ஆனால் தூண்டில் கொக்கியையே கடித்துத் துப்பியது. ஏலக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மாமியார் என்று கூவினார்.

படகுத்துறைக் கோடியில் கடல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மாள் தினமும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார். அவர் ஒருநாள் ஏலக் கூடத்துக்கு வந்து, மாமியாரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இதெல்லாம் வெகுதூரத்துச் சூடான கடலில் வாழ்கிறவை என்றார். காற்று எப்போதும் மேல்தண்ணீரின் சூட்டை எதிர்க்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்குமாம். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே வரும், அதைத் தின்னத்தான் நெத்திலி வரும். சில வருடங்களுக்கு ஒருமுறை காற்று சோர்ந்துவிடும். சூட்டுத் தண்ணீர் இந்தப் பக்கம் சரிந்து வந்துவிடும், அதற்குப் பழகிய மீனும் கூடவே வரும்.

ஏலக்காரர் யோசித்தார். "அதாவது, வீட்ல மாமனார் ஊருக்குப் போயிட்டா, உள் ரூம்ல அடங்கிக் கிடந்தவங்க எல்லாம் கூடத்துக்கு வந்துடற மாதிரி."

அந்த அம்மாள், ஏறக்குறைய அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். போகும்போது, சூட்டுத் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே மழை மேகமும் போகும், உங்கள் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் சித்தப்பாவுக்குத் தெரிந்தது கடைத்தெருவில். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிற்கவைத்தவர். மீன்காரி அவரைப் பார்த்து அன்பாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா வேணுமா, பெரியவரே? காலையில பிடிச்சது. தலையை வெட்டிட்டுத் தரேன்."

பக்கத்தில் நின்ற ஒருவர் சித்தப்பா கிலோ என்ன விலை என்றும், நேற்று வாங்கிய சித்தப்பாவில் வாடை அடித்தது என்றும் சொன்னார். சித்தப்பா தங்க நிறமாகி, பச்சையாகி, வீடு போய்ச் சேரும்போது சாம்பலாகியிருந்தார்.

மறுநாளே போய் அண்ணன் மகனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக அவர் சபதம் போட்டார். மறுநாள் மழை வந்துவிட்டது.

சாயங்காலம் கடலுக்கு மேல் மேகம் மலைபோல் எழும்பி நின்றது. வழக்கமான மெல்லிய சாம்பல் மூட்டத்தைக் காணோம். ஜனங்கள் மாடியில் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். இருட்டுகிற நேரத்தில் அது கொட்ட ஆரம்பித்தது. பலகைக் கூரைகள் அதை அப்படியே உள்ளே அனுப்பிவைத்தன. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒழுகாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பழைய ஐஸ் கிடங்கு, தகரத்தில் சாய்வுக் கூரை போட்டது. அதில் குடியிருந்தவர் நம் ஏலக்காரர்.

முதலில் மாமியார் வந்தார், தையல் இயந்திரத்தோடு. அடுத்து ஏலக்காரரின் அத்தை, சுவர்க் கடிகாரத்தைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு. கடைசியில் படுக்கையைத் தலையில் வைத்தபடி சித்தப்பா. சகலை வரவேண்டியதில்லை, அங்கேயேதான் இருந்தார். எழுந்து இடம் மட்டும் கொடுத்தார், அதுவும் பாதி.

மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாமல், கூறு போட்டு விற்கப்பட்ட உறவுகள் அத்தனை பேரும் ஒரே கூடத்தில், விற்றவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தின்மேல் விழும் சத்தத்தில் சித்தப்பா கத்திப் பேசவேண்டியிருந்தது.

"என் தலையை வெட்டி விக்கிறியாமே?"

ஏலக்காரர் தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தார். காற்று நின்றது, தண்ணீர் சரிந்தது, நெத்திலி ஓடியது, மேகம் வந்தது, இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"காத்து நின்னா, என் பேரை மீனுக்கு வைப்பியாடா?"

ஏலக்காரர் கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். மாமியார் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்டார், மாமியார் என்ன விலைக்குப் போகிறது என்று. மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். சித்தப்பாவைவிடக் குறைவா என்று கேட்டுவிட்டு அவர் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முதலாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. சகலை, தன் பேரும் நாலு பேர் வாயில் அடிபடுகிறதே என்று திருப்தியாகத் திரும்பிப் படுத்தார்.

அத்தைதான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவும் இல்லை. கோபத்தின் காரணத்தை ஏலக்காரரின் மனைவி மெதுவாகத் துருவி எடுத்துவந்து, அவர் காதில் போட்டார்.

"என்னங்க, அத்தை பேர்ல ஒரு மீனும் இல்லையாம். எடுத்து வளர்த்தவளை மறந்துட்டானேன்னு இருக்காங்க."

மழை கொஞ்சம் தணிந்த நாளில், அவர் அத்தையையே ஏலக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகத் தள்ளினார். ஒன்றுக்குக் கண் சரியில்லை. ஒன்றுக்கு நடத்தை சரியில்லாத முழி. பறக்கிற மீன் வந்தபோது, நான் என்ன வீடு தங்காதவளா என்று கேட்டார். படகுக்காரர்கள் புது மீன் பிடித்தால், முதலில் அத்தையிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட்டார்கள்.

ஒருநாள் வலையில் சிக்கிய ஒன்றைத் தூக்க முடியாமல், தண்ணீரிலேயே இழுத்து வந்தார்கள். அது மீனா, அறுத்து விட்ட மீன் தலையா என்று சொல்ல முடியாத உருவம். வட்டமாக, வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிதாக, வால் என்று ஒன்று இல்லாமல், படித்துறை ஓரத்தில் சாய்ந்து மிதந்தது. ஒற்றைக் கண்ணால் எல்லாரையும் பார்த்தது. துறைமுகமே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது.  அத்தை அதைப் பார்த்துவிடக் கூடாது என்று ஏலக்காரர் குறுக்கே நின்றார்.

அத்தை அவரை ஒரு கையால் விலக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் நான்."

 இவ்வளவு கூட்டத்தைக் கூட்டிவிட்டு எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று அத்தை எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு, அதன்மேல் கத்தி படக்கூடாது என்றார். படகுக்காரர்கள் ஏலக்காரரைப் பார்க்க, ஏலக்காரர் கடலைப் பார்த்தார். வலையை அறுத்துவிட்டார்கள். அது ஒரு துடுப்பை மட்டும் வெளியே நீட்டி, அவசரமே இல்லாமல் போயிற்று. ஆராய்ச்சி அம்மாள் படம் எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி அத்தை இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. காற்று திரும்பிவிட்டது. மேகம் வந்த வழியே போனது, கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. சித்தப்பா தன் கூரைக்குத் தகரம் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, கடைசி வாரம் தான் என்ன விலைக்குப் போனோம் என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். மாமியாரும் போனார். சகலை போகவில்லை.

நெத்திலி வந்தது. போன கூட்டமெல்லாம் ஒன்றாக வந்துவிட்டதுபோல் வலை கிழிய வந்தது. முதல் படகு கரை அணையும்போது ஏலக்காரர் கூடைக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஈரத்தில் நின்று நின்று, தகரச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, தொண்டை அடியோடு கட்டியிருந்தது. வியாபாரிகள் காத்திருந்தார்கள். பெட்டிகள் குவிந்தன, ஐஸ் உருகியது.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவரை உட்காரச் சொன்னார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் கூடையைக் காலால் முன்னே தள்ளி ஒரு விலை சொன்னார். ஓட்டல்காரர் குறைத்துக் கேட்டார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார், வேறொன்றும் செய்யவில்லை. அவர் தானாகவே சொன்ன விலைக்கு வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் போட்டார். ஏலக்காரர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தபடி, பத்து மணிக்கு முன்பே ஏலம் முடிவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.