எங்கட வீட்டால ஒராள்

பாயிலிருந்து எழும்புவதற்கு எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் இடப்பக்கம் சரியவேண்டும். பிறகு முழங்கையை ஊன்றி, முழங்காலை மடித்து, நாலு காலில் நிற்கவேண்டும். கடைசியாகச் சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல நிமிரவேண்டும். இதில் ஒன்றை அவசரப்பட்டு விட்டால் முதுகடியில் நாரி பிடித்துக்கொள்ளும்; அன்று முழுக்கப் பாயோடு கிடக்கவேண்டியதுதான். "நாப்பது வயசும் ஆகேல்லை, இவாவின்ர எடுப்பைப் பார்" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். எடுப்பாம்! நோகாதவரைக்கும் நாரி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அது போனது தொண்ணூற்றாறில். சண்டைக்குப் பயந்து வட்டக்கச்சியிலிருந்து வெளிக்கிட்ட அன்று தையல் மெசினைத் தனியாகத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்தேன். மெசினுக்கு ஒரு கீறலும் இல்லை. என் முதுகுக்குள்தான் ஏதோ படக்கென்றது. அந்த வருசமே என் மனிசன் ஐயாத்துரை மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். மிஞ்சினது நானும் மகள் சுதாஜினியும் மெசினும். ஒரு வருசம் மரத்தடியில் கிடந்துவிட்டு, முள்ளியவளையில் ஆட்கள் விட்டுப்போன ஒரு வீட்டுக்கு வந்தோம். கல்வீடு, கப்பிக் கிணறு, பின்வளவில் பிளேன் குண்டுக்கு ஒளிக்க வெட்டி, தூர்ந்துபோன ஒரு பங்கர். பக்கத்து வளவுக் கமலாசனிதான் கதவுத் திறப்பைத் தந்தாள். வீட்டுக்காரர் யார், எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் சுதாஜினிக்குப் பதினோராம் வகுப்பு முடிகிற ஓ.எல். சோதனை. கணக்கில் புலி. அவளைப் பள்ளிக்கூடத்தால் மறித்து வீட்டுவேலைக்கு விடச்சொல்லி எனக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை.

"பொம்பிளைப் பிள்ளைதானே அக்கா. தண்ணி அள்ளிக் கூட்டிப் பெருக்கினால் உங்களுக்கும் ஆறுதல்" என்றாள் கமலாசனி.

"என்ர நாரி முறிஞ்சது காணாதே, அவளின்ரயையும் முறிக்கவோ?" என்று வாயடைத்தேன்.

அவள் குனியக்கூடாது. அவ்வளவுதான் என் வைராக்கியம். விளக்குமாற்றை நீட்டுத் தடியொன்றில் கட்டிக் குனியாமல் கூட்டினேன். அடுப்பை மேசை உயரத்துக்குக் கல் அடுக்கி ஏற்றினேன். உடுப்பைக் கதிரையில் இருந்துகொண்டு தோய்த்தேன். கிணறுதான் எனக்கு வழிவிடவில்லை. அரை வாளி, அரை வாளியாக அள்ளினாலும் ஒவ்வொரு இழுவைக்கும் முதுகுக்குள் கத்தி இறங்கும். பரியாரி நாரியில் கட்டிய மருந்துப் புக்கையும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. நோவுக்குப் போடுகிற பனடோலுக்கு அப்போது எங்கே போவது?

ஐப்பசியில் ஒரு காலை, சுதாஜினி பள்ளிக்கூடம் போன பிறகு, தண்ணீர் அள்ளப் போனேன். இரண்டு இழுவை இழுத்திருப்பேன். மூன்றாவதில் பாரம் பாதியாகிவிட்டது. வாளி கழன்றுவிட்டதென்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் வாளி நிறையத் தண்ணீரோடு ஏறி வருகிறது. என் கைகளுக்குப் பின்னால் கயிறு இறுகி நின்றது. யாரோ எனக்குப் பின்னால் நின்று இழுக்கிறார்கள்.

நீங்களாயிருந்தால் சட்டென்று திரும்பிப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இடுப்பைத் திருப்ப ஏலாது. காலை அடியடியாக நகர்த்தி, அலுமாரியைத் திருப்புவது மாதிரித்தான் என்னைத் திருப்பவேண்டும். திருப்பி முடிக்கையில் அங்கே ஒருவரும் இல்லை. கயிற்றின் வால் காய்ந்த மண்ணில் கிடந்தது. அதில் இரண்டு கை பிடித்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. பிறகு முற்றம் கூட்டும்போது எனக்குப் பின்னால் இன்னொரு விளக்குமாறு சரசரக்கும். ஆட்டுக்கல்லில் என் கைக்கு மேலே ஒரு குளிர்ந்த கை வந்து சேரும்; குனிந்து பார்த்தால் என் கைதான் தெரியும். எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான், எப்போதும் சுதாஜினி இல்லாத நேரம்தான். கூடவே ஒரு வாசம் வரும். பால்குடிப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசம்.

பயம் இல்லையா என்றால், இருந்தது. முதல் நாள் வாளியை விட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு, இரண்டு வருசத்துக்குப் பிறகு, நோவில்லாமல் நித்திரைகொண்டேன். பேயென்றாலும் பரவாயில்லை, பிள்ளை சோதனை எழுதட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். உதவிக்கு வராத உயிருள்ள சனத்தை விட இது எவ்வளவோ மேல்.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான்.

எங்கள் வட்டக்கச்சியில் நெல் வெட்டுக்குப் பெண்கள் கூலிக்குப் போவது குறைவு. இன்றைக்கு நீ என் வயலுக்கு வந்தால், இன்னொரு நாள் உன் வயலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும். நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள். எனக்குக் காய்ச்சலென்றால் என் தங்கை போவாள். யார் வருகிறார்கள் என்பதில்லை, எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதுதான் பேச்சு. வேலைக்கு வந்தவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, நாங்களும் வருவம் என்ற வார்த்தையையும் சொல்லி அனுப்பவேண்டும். சொல்லாவிட்டால் மரியாதையில்லை.

நான் மரியாதை தெரிந்தவள். ஒரு வாரம் கழித்துக் கிணற்றுக்கட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தேன், பனங்கட்டித் துண்டோடு. வைத்துவிட்டு, வயலில் யாருக்கும் சொல்வது போலவே சொன்னேன்:

"உங்களுக்கும் ஒரு வேலை வந்தால் கூப்பிடுங்கோ. எங்கட வீட்டால ஒராள் வருவம்."

ஆடிக்கொண்டிருந்த கப்பி நின்றது. பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டது போலிருந்தது. நான் அடியடியாகத் திரும்பியபோது கோப்பை காலியாக இருந்தது.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சட்டை தைக்க வந்த கமலாசனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அக்கா, முகம் தெளிஞ்சிருக்கு. நாரி சுகமோ?"

"உதவிக்கு ஒராள் வருது" என்று சிரித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சிரிப்பாளென்று நினைத்தேன். பால்வாசம் என்று சொன்னதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"இந்த வீட்டில இராசேஸ்வரி எண்டு ஒரு பிள்ளை இருந்தவள்" என்றாள். "கைக்குழந்தைக்காரி. மனிசன் கிளிநொச்சியில வேலை. தொண்ணூத்தாறில பிளேன் வந்து குண்டு போட்ட நேரம் பங்கருக்கை ஓடினவள், பங்கர் அவளுக்கு மேலயே இடிஞ்சு இருந்துபோச்சு. நாங்கள் எல்லாம் காட்டுக்கை ஓடிட்டம். நாலாம் நாள் ஆரோ வந்து அவளை எடுத்து அடக்கிப்போட்டு, பங்கரை மூடிவிட்டினம்."

"குழந்தை?"

"தகப்பன் கொண்டுபோட்டாராம் எண்டு கதை. அந்த மனிசனைப் பிறகு ஒருத்தரும் காணேல்லை." எழும்பினவள் வாசலில் நின்று கேட்டாள்: "நீங்கள் அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே அக்கா?"

"எங்கட வீட்டால ஒராள் வருவம் எண்டனான்."

அவள் தைக்கக் கொண்டுவந்த துணியைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டில் நான் ஒராள், சுதாஜினி ஒராள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு தேத்தண்ணி வைக்கவில்லை. "இனி வரவேண்டாம்" என்று கிணற்றடியில் சத்தமாகவே சொன்னேன். அவள் கேட்டால்தானே. வாளி பாரமில்லாமல் ஏறியபடியே இருந்தது.

சோதனைக்கு முதல் நாள். பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள், சுதாஜினி முன்விறாந்தையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மழை வெளித்து, உச்சி வெயில் வெள்ளையாக அடித்தது. அன்று காலை அவசரமாகக் குனிந்து எனக்கு நாரி பிடித்துவிட்டது. உள்ளே பாயில் அசைய ஏலாமல் கிடந்தேன். வெளியே அவள் யாரோடோ கதைக்கும் குரல் கேட்டது.

"ஓம் அன்ரி... அம்மா படுத்திருக்கிறா. நாரி ஏலாது... இல்லை, பரவாயில்லை. அம்மா சொன்னவா எண்டால் நான் வாறன்."

மற்றக் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒரு காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்குப் போனது.

"சுதா! போகாத!" என்றேன். என் குரல் சுவரைத் தாண்டவில்லை. எழும்பவேண்டும். இடப்பக்கம் சரிந்தேன். முழங்கையை ஊன்றினேன். மடித்த முழங்காலில் உயிர் போய் வந்தது. அவசரப்பட்டால் விழுவேன், விழுந்தால் முடிந்தது. மகள் குழிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், தாய்க்காரி சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சுவர் முடியவே முடியாதென்று நினைத்தேன். என் நாரியை நான் சபித்தது மாதிரி என் எதிரியைக் கூடச் சபித்ததில்லை.

முற்றம் பளிச்சென்று கூட்டியிருந்தது. விளக்குமாற்றுக் கோடு குலையாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு சோடி அடிதான் போயிருந்தது. சுதாஜினியுடையது மட்டும்.

பங்கர் இருந்த இடத்தில் அவள் முழங்கால் ஆழத்துக்குக் கிண்டிவிட்டாள். மண்வெட்டி ஏறி இறங்கியது. அவளுக்குக் கீழே பழைய பனங்குற்றிகள் தெரிந்தன. மழையில் இற்றுப்போன குற்றிகள். அவற்றுக்குக் கீழே வெறும் பள்ளத்துக்குள் மண் பொரபொரவென்று கொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

"பிள்ளை, வெளிய வா!"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இந்த அன்ரி பாவம், தனியக் கஷ்டப்படுறா" என்றாள். சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

என் முதுகில் பால்வாசம் ஏறியது. நான் திரும்பவில்லை. திரும்ப ஏலாது என்பதால் அல்ல. அன்றைக்குத் திரும்ப முடிந்திருந்தாலும் திரும்பியிருக்கமாட்டேன்.

"இராசேஸ்வரி" என்றேன். "சொன்னது நான். வேலைக்கு நான்தான் வாறன். என்ர பிள்ளையை விடு. நீயும் ஒரு தாய்தானே."

ஏறி இறங்கிய மண்வெட்டி நின்றது. பிறகு சுதாஜினியின் கை தளர்ந்தது. நித்திரையால் எழும்பினவள் மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, குழியை விட்டு ஏறி வந்தாள். அவள் கால் எடுத்த இடத்தில் ஒரு குற்றி முறிந்து உள்ளே போனது.

விளிம்பில் நின்று நான் குனிந்தேன். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அடிவரைக்கும் குனிந்தேன். மண்வெட்டிப் பிடியில் என் கைகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கை வந்து சேர்ந்தன. எவ்வளவு நேரம் கிண்டினோம் என்று தெரியாது. ஒரு மூலையில், மண் மூட்டைக்குக் கீழே, நைந்துபோன சீலைத்துண்டும் கறுத்த சின்ன எலும்புகளும் வந்தன. கூடவே ஒரு பஞ்சாயுதம். ஒன்றும் அண்டாமல் காக்கட்டுமென்று பிறந்து முப்பத்தோராம் நாள் கழுத்தில் கட்டியிருப்பார்கள். தகப்பன் கொண்டுபோகவில்லை. ஒருவரும் கொண்டுபோகவில்லை. ஒரு ஊரே ஓடிப்போய், திரும்பி வந்து, ஒரு குழந்தையைத் தேட மறந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வரவில்லை.

அன்று பின்னேரமே கமலாசனியைக் கூப்பிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் அடக்கினோம். பஞ்சாயுதத்தை அவள் தொட மறுத்துவிட்டாள். நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அடுத்த நாள் சுதாஜினி சோதனைக்குப் போனாள். முதல் நாள் நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை; கை ஏன் கொப்பளித்திருக்கிறது என்று என்னைக் கேட்டாள். வேலை முடிந்தது, இனி என் பாரம் எனக்கு என்று நான் கிணற்றடிக்குப் போனேன். இரண்டு இழுவை. மூன்றாவதில் வாளி பாரமில்லாமல் ஏறி வந்தது.

அப்போதுதான் விளங்கியது. அவள் எனக்கு வந்தது ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு நாளும். நான் அவளுக்குப் போனது ஒரு நாள். நாளுக்கு நாள் என்று சொல்கிற ஊர்க்காரி நான். மத்தியானம் வீட்டுக்குள் ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

சோதனை முடிந்த கையோடு சுதாஜினிக்கு வவுனியாவுக்குப் போகப் பாஸ் எடுக்க ஒன்றரை மாதம் அலைந்தேன். மத்தியானங்களில் அவளைக் கமலாசனி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வவுனியாவில் என் மச்சாள் வீட்டில் நின்று ஏ.எல். படிக்கட்டும் என்று எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். பஸ் ஏறும்போது சுதாஜினி என்னைக் கட்டிப்பிடித்து, "தனிய என்னெண்டு அம்மா வேலையெல்லாம் செய்வீங்கள்?" என்று அழுதாள். "எனக்கு ஆள் இருக்கு" என்றேன்.

காலையில் இராசேஸ்வரி எனக்குத் தண்ணீர் இழுக்கிறாள், முற்றம் கூட்டுகிறாள். மத்தியானத்தில் நான் அவளுக்கு வேலை செய்கிறேன். கூரை வளையில் என் சீலையால் ஏணை கட்டியிருக்கிறேன். கயிற்றில் பஞ்சாயுதம் தொங்குகிறது. சுவரோடு கதிரையைப் போட்டு நிமிர்ந்து இருந்துகொண்டு ஆட்டுகிறேன். ஏணை ஆட்டக் குனியத் தேவையில்லை. நாரிக்கு நல்ல வேலைதான். ஆட்டினால் சிணுங்கல் அடங்கும். ஏணைக்குள் நான் எட்டிப் பார்ப்பதில்லை, கயிற்றில் பாரம் தெரியும். முதல் நாளை விட இப்போது பாரம் கூட. பிள்ளை வளர்கிறது போல.

நேற்று சுதாஜினியின் கடிதம் வந்தது. ஓ.எல்.லில் கணக்குக்கு டி வந்திருக்கிறதாம், எல்லாத்திலும் பெரிய பெறுபேறு. லீவுக்கு வீட்டுக்கு வரப்போகிறாளாம், என்னைப் பார்க்காமல் நித்திரை வருகுதில்லையாம். கடிதத்தை நெஞ்சில் வைத்து அழுதேன். பிறகு ஒரு கையால் ஏணையை ஆட்டியபடி, மற்றக் கையால் பதில் எழுதினேன்.

"வராத பிள்ளை. இந்த வீட்டில இப்ப நான் ஒராள்தான். அப்பிடியே இருக்கட்டும்."